ஒரு சுளுக்கு போதும்

வவ்வால் விழுந்துவிட்டான்.

கோலை நோக்கி உயர வந்த பந்தை, பட்டப்பெயருக்கு ஏற்றபடி எகிறிப் பிடித்த கீப்பர், கீழே இறங்கியதும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு புல்லில் சுருண்டான். பக்கத்தில் எதிரணி ஆள் ஒருத்தர்கூட இல்லை.

பயிற்சியாளர் தலையில் கை வைத்தார். டாக்டர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

பெஞ்சில் இருந்த மாற்றுக் கீப்பர் மட்டும் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தார்.

அணியில் அவருக்குப் பெஞ்சண்ணன் என்று பெயர். கேலிக்கு வைத்ததுதான், கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே நிலைத்துவிட்டது. ஆட்டம் முடிந்து வீட்டுக்குப் போனால், துவைக்கிற வேலைகூட மனைவிக்குக் கிடையாது. சட்டையில் அழுக்கு இருந்தால்தானே!

வயதாகிவிட்டது. இன்றோடு ஓய்வு. இத்தனை வருஷத்தில் இந்த அணிக்காக ஒரு நிமிஷம்கூட ஆடியதில்லை.

மற்றவர்கள் கதை வேறு. ஒருத்தனுக்கு மூச்சு வாங்கினால் இன்னொருத்தனை இறக்குவார்கள். இன்னொருத்தன் சொதப்பினால் மூன்றாமவன் தயாராக இருப்பான். கீப்பரை மட்டும் தொடமாட்டார்கள். கீப்பர் விழுந்தால்தான் கீப்பர் இறங்க முடியும்.

வெட்கத்தை விட்டுக் கேட்டும் பார்த்துவிட்டார். ஆட்டத்துக்கு முன்னால், உடைமாற்றும் அறையில், எல்லாரும் பூட்ஸ் கட்டிக்கொண்டிருந்தபோது. ஜெயிக்கிற நிலைமை வந்தால் கடைசியில் கொஞ்ச நேரம் என்னை விடுங்களேன் என்றார். மனைவியும் மகளும் வந்திருக்கிறார்கள் என்றார்.

"கீப்பர் என்னப்பா சட்டையா, நெனச்சா கழட்டி மாத்துறதுக்கு?" என்றார் பயிற்சியாளர்.

அறையே சிரித்தது. பெஞ்சண்ணனும் கூடச் சேர்ந்து சிரித்தார். வேறென்ன செய்வது? வவ்வால் குனிந்து பூட்ஸ் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தான்.

வவ்வால் மேல் அவருக்குக் கோபம் எதுவும் கிடையாது. தங்கமான பையன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் அவனுக்குப் பந்து அடித்துக் கொடுத்து, கையைச் சூடாக்கிவிடுகிறவரே அவர்தான். அவன் வாய் நிறைய அண்ணே என்பான். அவரும் வாய் நிறையத் தம்பி என்பார்.

சொல்லிவிட்டுப் பெஞ்சில் போய் உட்கார்ந்து மனசுக்குள் வேண்டிக்கொள்வார். எலும்பு கிலும்பு உடைய வேண்டாம், பாவம், சின்னப் பையன். ஒரு சுளுக்கு போதும்.

நினைக்கவே கூசுகிற வேண்டுதல். கூசிக்கொண்டேதான் வேண்டினார். ஆட்டம் தவறாமல் வேண்டினார்.

இதோ, கேட்டது கிடைத்துவிட்டது. அணி இரண்டு கோல் முன்னால் இருக்கிறது. முடியக் கொஞ்ச நேரம்தான் பாக்கி. பெஞ்சண்ணன் கையுறைப் பட்டையை இழுத்து ஒட்டினார். உடம்பெல்லாம் குறுகுறுவென்றது.

அப்போதுதான் கூட்டத்தின் சத்தம் மாறியது.

யாரோ "சீ!" என்றார்கள். அப்புறம் பல பேர் சேர்ந்து சொன்னார்கள்.

பெஞ்சண்ணன் நிமிர்ந்து பார்த்தார். மைதானத்துப் பெரிய திரையில் ஒரு ஆளின் முகம். கூட ஆடுகிறவன் அடிபட்டுக் கிடக்கிறான், இந்த ஆள் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு கையுறை மாட்டுகிறான். யாருடா இந்தக் கேடுகெட்ட ஜென்மம் என்று ஒரு கணம் நினைத்தே விட்டார்.

அவரேதான்.

கேமராக்காரன், மகா புண்ணியவான், நகர்த்துவேனா என்றான். பெஞ்சண்ணன் வாயை மூடினார். திரையிலும் வாய் மூடியது. பக்கத்தில் இருந்தவர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். மனைவியும் மகளும் இருந்த வரிசைப் பக்கம் திரும்பிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. மானம் கப்பலேறிவிட்டது. பூமி பிளந்து அப்படியே உள்ளே இழுத்துக்கொள்ளக் கூடாதா என்றிருந்தது.

"போ, போய் நில்லு," என்றார் பயிற்சியாளர், முகத்தைப் பார்க்காமல்.

பெஞ்சண்ணன் எழுந்து கோட்டைத் தாண்டி உள்ளே காலை வைத்தார். எத்தனை வருஷமாகக் கனவு கண்ட கோடு! தலையைக் குனிந்துகொண்டுதான் தாண்ட முடிந்தது.

எதிரே ஸ்ட்ரெச்சர் வந்தது. வவ்வால் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு படுத்திருந்தான். தோள் குலுங்கியது. அழுகிறான்.

பெஞ்சண்ணன் ஸ்ட்ரெச்சர் கூடவே நடந்து, குனிந்து அவன் காதருகில் சொன்னார்.

"தம்பி, மன்னிச்சிருடா. நான் மனுஷனே இல்லடா."

விரல் இடுக்கில் ஒரு கண் தெரிந்தது. அது அழவில்லை. சிரிப்பை அடக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தது.

"மெதுவாண்ணே, கோச்சு காதுல விழுந்துடப் போகுது. எனக்கு ஒண்ணுமே இல்ல. உங்க மூஞ்சியில அந்தச் சிரிப்பப் பாக்கத்தானே விழுந்தேன். போய் நில்லுங்க, போங்க."

அவனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

பெஞ்சண்ணன் போய்க் கம்பங்களுக்கு நடுவில் நின்றார். பின்னால் இருந்த கூட்டம் இன்னும் அவரைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தது.

இன்னும் கொஞ்சம் சத்தமாகத் திட்டினால் தேவலை என்றிருந்தது அவருக்கு.