நூறு கிராமுக்குள் நூற்றுப் பத்து

விடைத்தாளோடு வரும் தகப்பன்மார் எதற்கு வருவார்கள் என்பது டிப்ளமா வகுப்பின் வேதியியல் மேடத்துக்கு அத்துப்படி. அதனால், முகம் சிவக்க ஆசிரியர் அறைக்குள் வந்து தாளை மேசையில் அறைந்த உரத் தொழிற்சாலை ஃபோர்மேனை அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“இந்தக் கரைதிறன் கணக்குக்கு நீங்க போட்ட மார்க்கு நியாயமா மேடம்?”

“பையன் எழுதினதுக்குத்தான் சார் மார்க்கு.”

“அட்டவணையில இருக்கறது நூறு கிராம் தண்ணியில எவ்வளவு உப்பு கரையும்கிறது. நீங்க கேட்டது நூறு கிராம் கரைசலுக்கு. உப்பும் தண்ணியும் சேர்ந்தே நூறு. இந்த வித்தியாசம்கூடப் பார்க்காம திருத்துவீங்களா?”

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“கத்தாதீங்க சார். ரெண்டு மார்க் கூட்டிப் போடறேன், எடுத்துட்டுப் போங்க.”

மேடம் தாளைப் புரட்டினார். பேனா நின்றுவிட்டது.

“பத்துக்குப் பத்து போட்டிருக்கேனே. இதுக்கு மேல எங்க கூட்டறது?”

“கூட்டச் சொல்லவா வந்தேன்? நூறு கிராம் கரைசலுக்குள்ள நூத்துப் பத்து கிராம் உப்பு இருக்குன்னு எழுதியிருக்கான். நீங்களும் டிக் அடிச்சிருக்கீங்க. அதை அடிச்சிட்டு முட்டை போடுங்க.”

“பாவம் சார், பையன்.”

“நான்தான் பாவம். ‘தப்புடா’ன்னா, ‘மேடத்துக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சா’ங்கிறான். வர்ற முதல் தேதியிலேர்ந்து எங்க ஃபேக்டரி லேப்ல அவன்தான் கெமிஸ்ட். அவன் எழுதித் தர்ற அளவை நான் கொதிக்கிற தொட்டியில கொட்டியாகணும். கரையாத உப்பு குழாயை அடைச்சு வெடிச்சா, வேகறது என் மூஞ்சி மேடம்.”