கல்யாண கேக்கும் ஹோப்லி பஸ்ஸும்

இது நடந்தபோது நான் அந்த பஸ்ஸில் இல்லை. கல்யாணப் பெண் லூசிண்டா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவளுக்கு அவள் அக்கா ஹாரியட் சொன்னது.

அன்று மதியம் இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி நகரத்தில் லூசிண்டாவுக்குக் கல்யாணம். கிராமத்து பேக்கரியில் செய்யச் சொல்லியிருந்த கேக்கைக் கொண்டுவந்து சேர்ப்பது ஹாரியட்டின் பொறுப்பு. முந்தின நாளே போய்த் தங்கி, காலையில் கேக்கைக் காரில் ஏற்றினால், கார் மக்கர் பண்ணிவிட்டது.

"பஸ்ல போம்மா. ஹோப்லி ஸ்டேஷன்ல பத்து நாற்பது ரயிலைப் பிடிச்சிடலாம். நாங்கல்லாம் அப்படித்தான் போறோம்," என்றாள் பேக்கரிக்காரி.

அதை விட்டால் அடுத்த ரயில் சாயங்காலம்தான். கேக் வராவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் மெல்லப்போவது ஹாரியட்டைத்தான்.

மடியில் பெட்டியோடு முன்சீட்டில் உட்கார்ந்தாள்.

"பத்து நாற்பதைப் பிடிக்கணும்."

"பிடிச்சிடலாம் கண்ணு," என்றார் டிரைவர் டெரிக் ப்ரீஸ்.

முதல் சந்து முனையிலேயே பஸ் நின்றது. ஏற ஆள் இல்லை. ஒரு நாய் மட்டும் உட்கார்ந்திருந்தது.

"யாருக்காக நிக்கறோம்?"

"பெடோஸ் பெரியவருக்கு. நாய் வந்தாச்சுல்ல, அவரும் வந்துடுவாரு."

பெரியவர் வந்தார். மெதுவாக வந்தார். பாதி வழியில் திரும்பிப் போய்த் தொப்பியை எடுத்துக்கொண்டு வந்தார்.

"சேத்து பூட்ஸைக் கழட்டறதுக்குள்ள உசுரு போயிடுச்சு, டெரிக்."

"உசுரு போனாலும் நின்னிருப்பேன், ஏறுங்க."

பஸ்ஸே சிரித்தது. ஹாரியட் சிரிக்கவில்லை.

அடுத்து, இரண்டு பக்கமும் வேலி உயர்ந்த ஒற்றைப் பாதையில் எதிரே ஒரு டிராக்டர். யாராவது ஒருவர் பின்வாங்க வேண்டும்.

"நீ வா, டெரிக்!"

"இல்லப்பா, நீ வா!"

"உன் வண்டில ஜனம் இருக்கு!"

"உன் வண்டில வைக்கோல் இருக்கு!"

மரியாதை செய்தே இருவரும் நேரத்தைக் கொன்றார்கள். கடைசியில் டெரிக்தான் பஸ்ஸைப் பின்னால் எடுத்து, ஒரு வயல் கேட்டுக்குள் ஒதுக்கினார். டிராக்டர்காரன் ஸ்டியரிங்கிலிருந்து ஒற்றை விரலைத் தூக்கிவிட்டுப் போனான். அங்கே அதுதான் நன்றி.

ஹாரியட் போனைப் பார்த்தாள். நேரம் ஓடியது. பஸ் ஓடவில்லை.

ஒரு பண்ணை வாசலில் டெரிக் இறங்கி, மருந்துப் பொட்டலம் ஒன்றைப் பால் புட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்தார். வைத்தவர் சும்மா வரவில்லை.

"ஓல்வென்! இருமல் எப்படி இருக்கு?"

உள்ளேயிருந்து இருமல் சத்தம் பதிலாக வந்தது.

அவர் திரும்பி வந்ததும் ஹாரியட் வெடித்துவிட்டாள்.

"இது பஸ்ஸா, இல்ல உங்க குடும்ப வண்டியா? என் தங்கச்சிக்கு இன்னிக்குக் கல்யாணம்! ஒவ்வொருத்தருக்கும் நின்னு நின்னு போனா மத்தவங்க என்ன ஆகறது? நான் புகார் எழுதத்தான் போறேன்!"

பஸ்ஸில் எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். பெரியவரின் காலடியில் படுத்திருந்த நாய்கூடத் தலையைத் திருப்பிக்கொண்டது.

"எழுதும்மா," என்றார் டெரிக். "பேரு டெரிக் ப்ரீஸ். போன தடவை எழுதினவரு என் தம்பி பேரைப் போட்டுட்டாரு. அவன் இன்னும் கோவமா இருக்கான்."

ஹாரியட் கோபம் ஆறாமல் போனில் தட்ட ஆரம்பித்தாள். 'தேவையில்லாமல் கண்டவர்களுக்காகக் காத்திருந்து...'

மேட்டின் உச்சி வந்தது. கீழே பள்ளத்தாக்கில் ஸ்டேஷன் பொம்மை போலத் தெரிந்தது. பத்து நாற்பது தாண்டிவிட்டது. டெரிக் முன்விளக்கை இரண்டு முறை போட்டு அணைத்தார்.

"பட்டப்பகல்ல யாருக்கு லைட்?"

"ஒரு சிநேகிதிக்கு."

இதையும் புகாரில் சேர்த்துக்கொண்டாள்.

ஸ்டேஷனில் பஸ் நின்றபோது அவள் கண்ணில் நீர் முட்டியது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். இறங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

ரயில் இருந்தது.

கதவில் ஒரு காலும் பிளாட்பாரத்தில் ஒரு காலுமாக நின்ற ரயில் கார்டு அம்மாள் கத்தினாள். "ஓடாதே! கேக் சாய்ஞ்சிடும்! மெதுவா வா கண்ணு, லைட்டைப் பார்த்துட்டேன்!"

பெடோஸ் பெரியவர் அவள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்து ஏற்றிவிட்டார். நாயும் வழியனுப்பியது.

எதிர் இருக்கையில் கோட்டு போட்ட ஒருவர் முகம் சிவந்து உட்கார்ந்திருந்தார்.

"பாருங்க மேடம் இந்த அநியாயத்தை! எந்த மகாராணிக்காகவோ ரயிலை நிறுத்தி வெச்சிருக்காங்க! ஒருத்தருக்காக நின்னா மத்தவங்க என்ன ஆகறது? நான் புகார் எழுதத்தான் போறேன். நீங்களும் எழுதுவீங்கல்ல?"

ஹாரியட் கேக் பெட்டியை மெல்ல நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"நான்... ஏற்கெனவே எழுதிட்டேங்க," என்று சொல்லி, போனை எடுத்து ஒவ்வொரு வரியாக அழித்தாள்.

கேக் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஓரத்தில் ஒரு சர்க்கரை ரோஜா மட்டும் நசுங்கியிருந்ததாம். அது மகாராணி அணைத்த இடம்.

கேட்டதை அப்படியே எழுதிவிட எனக்குத் தயக்கமாக இருந்தது. அந்த பஸ்ஸின் நேர அட்டவணையைத் தேடி எடுத்துப் பார்த்தேன். டெரிக் ப்ரீஸ் வழியில் ஒருவருக்காகவும் நிற்காமல் ஓட்டியிருந்தாலும், பஸ் ஹோப்லி ஸ்டேஷனுக்கு வந்து சேர வேண்டிய நேரம் பத்து நாற்பத்தைந்து.