மயிலாத்தாள் கொண்டுவந்த கல்

ஆணுறுப்பின் வளைவை நேராக்க ஆபரேஷன் என்று உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு சொந்தக்காரரும் எட்டிப் பார்த்திருக்க மாட்டார். கிட்னியில் கல் என்று மனைவி மயிலாத்தாள் சொல்லி வைத்ததில் காலையிலிருந்து கூட்டம். தையல் இழுக்க, முழங்காலை மடக்கிப் போர்வையைக் கூடாரமாக்கிப் படுத்திருந்தான் குமரகிரி. அவளைத் திட்டவும் வழியில்லை. ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடும்போதுதான் அவளுக்கே விஷயம் தெரியும். அதுவரை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தே வருடங்களை ஓட்டியிருந்தான்.

தாய்மாமா சென்னியப்பன் சும்மா பார்த்துவிட்டுப் போகிற ஆள் இல்லை. தனக்கு எடுத்த கல்லைக் குப்பியில் போட்டு டிவி பக்கத்தில் வைத்திருப்பவர்.

"கல்லு எங்கடா? காட்டு."

"குப்பையில போட்டுட்டாங்க மாமா."

"அதெப்பிடிப் போடுவாங்க? நான் போய் நர்ஸக் கேக்கறேன்."

"உக்காருங்க மாமா, நான் எடுத்துட்டு வர்றேன்" என்று மயிலாத்தாள் வெளியே போனாள். கழுவிய கூழாங்கல் ஒன்றோடு திரும்பினாள். ஆஸ்பத்திரிப் பூந்தொட்டியில் கிடப்பது, கோலிக்குண்டை விடப் பெரியது. இவளுக்குப் புத்தி கெட்டுவிட்டதா என்று குமரகிரி பல்லைக் கடித்தான்.

மாமா அதை ஜன்னல் வெளிச்சத்தில் உருட்டி உருட்டிப் பார்த்தார். "இவ்ளோ பெரிய கல்ல வெச்சுக்கிட்டு எப்பிடிடா வாயத் தொறக்காம இருந்தே? கட்டுனவகிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்ல?"

"அதையேதானுங்க மாமா நானும் கேக்கறேன்."

அவள் கல்லை வாங்கி, கணவனின் உள்ளங்கையில் வைத்து, அவன் விரல்களை ஒவ்வொன்றாக மூடினாள். கல் இன்னும் ஈரமாக இருந்தது.