ஒரு தகவலும் இல்லை

"இந்த ஏழு வருஷத்துல அவர்கிட்டேயிருந்து ஏதாவது தகவல் வந்துச்சாம்மா?"

வக்கீலம்மா கேட்டுவிட்டு, பேனாவைத் தாளின் மேல் நிறுத்தினார்.

பக்கத்து நாற்காலியிலிருந்த மகன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான்.

அம்மா முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டு, மேஜை மேலிருந்த கேஸ் கட்டுகளையே பார்த்தாள். கீழே ஜெராக்ஸ் கடை மெஷின் தாள் தாளாகத் துப்பும் சத்தம் மாடிப்படி ஏறி வந்துகொண்டிருந்தது.

வந்ததிலிருந்து இருவரும் வக்கீலம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஜலதோஷம் பிடித்தாலே டாக்டரிடம் ஓடுகிற ஜனங்கள், வக்கீலிடம் மட்டும் மூச்சு நின்ற பிறகுதான் தூக்கிக்கொண்டு வருகிறார்கள் என்றார். சித்தப்பா அனுப்பிய முதல் நோட்டீஸைச் சமையலறை அலமாரியில் டப்பாவுக்கு அடியில் விரித்திருந்ததாக அம்மா சொன்னதும், தலையில் கை வைத்துக்கொண்டார்.

வீடு அப்பா பெயரில் இருந்தது. அப்பா எங்கே என்று யாருக்கும் தெரியாது. அண்ணன் வரும்வரை வீட்டுக்கு நான்தான் பொறுப்பு, இவர்களைக் காலி பண்ணச் சொல்லுங்கள் என்று சித்தப்பா கோர்ட்டுக்குப் போய்விட்டார்.

தப்பிக்க ஒரே வழிதான் என்றார் வக்கீலம்மா. உயிரோடு இருந்தால் யாரிடம் பேசியிருப்பாரோ, அவர்களுக்கே ஏழு வருஷமாக ஒரு தகவலும் இல்லையென்றால், அவரை இறந்தவராக அறிவிக்கச் சொல்லிக் கேட்கலாம். அறிவித்துவிட்டால் வீடு அம்மாவுக்கும் மகனுக்கும். சித்தப்பா வாயை மூடிக்கொண்டு போக வேண்டியதுதான்.

நடுவில் ஒரே ஒரு தகவல் வந்திருந்தாலும் போச்சு. ஒரு கடுதாசி. ஒரு போன்.

போன் வந்திருந்தது.

வருஷா வருஷம், அப்பா அம்மாவின் கல்யாண நாளன்று, வீட்டு லேண்ட்லைன் அடிக்கும். நம்பர் காட்டாத பழைய போன். மறுமுனையில் பேச்சே இருக்காது. மூச்சு மட்டும்.

அம்மா விடியலிலேயே குளித்து, நல்ல புடவை கட்டி, போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். எடுத்ததும், ஏங்க, என்று ஆரம்பித்து அந்த வருஷத்துக் கதை முழுவதையும் சொல்வாள். பையன் ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் வேலைக்கு ஓடுகிறான். அந்த ஒழுகுகிற மூலையை அவனே மேலே ஏறி அடைத்தான். பெண் பார்க்கலாம் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

போனை வைக்கும் முன் எப்போதும் ஒன்றையே சொல்வாள். நீங்கள் போனதற்கு அவன் காரணமில்லை. அவனுக்குத்தான் அது புரியவே மாட்டேன் என்கிறது.

இதெல்லாம் மகனுக்கு எப்படித் தெரியும்?

மறுமுனையில் இருந்ததே அவன்தான்.

அவன் ஃபிரிட்ஜ் மெக்கானிக். வீடு வீடாகப் போகிற வேலை. அப்பா போன பிறகு வந்த முதல் கல்யாண நாளில், அம்மா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள். சாப்பிட்டாயா என்று கேட்கத்தான் வேலைக்கு நடுவே கூப்பிட்டான். அவன் பேசுவதற்குள், ஏங்க, நீங்களா, என்றாள்.

அந்தக் குரலைக் கேட்ட பிறகு, நான்தாம்மா என்று சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை.

அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறிய அந்தச் சாயங்காலம், நீங்கள் இந்த வீட்டில் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று கேட்டவனும் அவன்தான்.

அடுத்த வருஷம் அம்மா புடவை மாற்றிக்கொண்டு காத்திருந்தாள். கூப்பிடாமல் எப்படி இருப்பது?

இன்றைக்கு ஆட்டோவில் வரும்போது, அந்த போன் விஷயத்தை மட்டும் எடுக்க வேண்டாம் என்று கெஞ்சிப் பார்த்தான். அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவனுக்கு அரை டிக்கெட் வயசு தாண்டியதும், கண்டக்டர் கேட்காமலேயே வலியச் சொல்லி முழு டிக்கெட் வாங்கியவள். அவளாவது, பொய் சொல்வதாவது.

அவள் போனைப் பற்றிச் சொன்னால், இவன் உண்மையைச் சொல்லியாக வேண்டும். வீடு தப்பிக்கும். ஆனால் வருஷத்துக்கு ஒரு நாள் அம்மாவுக்காக உயிரோடு வருகிற மனுஷன், இந்த மேஜைக்கு முன்னாலேயே செத்துப்போவார்.

அவன் நாற்காலி நுனிக்கு நகர்ந்து, சொல்வதற்குத் தயாரானான்.

"இல்லைம்மா," என்றாள் அம்மா. "அவர்கிட்டேயிருந்து ஒண்ணும் வரலை."

குரலில் ஒரு பிசிறு இல்லை.

கூண்டில் ஏற்றி நீதிபதியும் இதையே கேட்பார், சத்தியம் பண்ணிவிட்டுப் பொய் சொன்னால் சும்மா விடமாட்டார்கள் என்று வக்கீலம்மா எச்சரித்தார். எங்கே ஏற்றிக் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன் என்றாள் அம்மா.

மகன் தலையைக் குனிந்துகொண்டான். ஆயுசில் அவள் சொன்ன முதல் பொய். தன் புருஷனைத் தன் வாயாலேயே அனுப்பிவைத்துவிட்டாள், பையன் தெருவுக்கு வந்துவிடக் கூடாது என்று.

வக்கீலம்மா எழுதிக்கொண்டே அடுத்து ஆக வேண்டியதைச் சொன்னார். தீர்ப்பு வந்ததும், அவர் பெயரில் இருப்பதையெல்லாம் ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். வீட்டு வரி, கரண்ட், தண்ணீர். லேண்ட்லைனை இந்தக் காலத்தில் யார் வைத்திருக்கிறார்கள், அதை வெட்டிவிடலாம் என்றார்.

அம்மா முதல் தடவையாக நிமிர்ந்தாள்.

"அது மட்டும் இருக்கட்டும்மா. வருஷத்துக்கு ஒரு தடவை பையன் அதுலதான் கூப்பிடுவான்."

வக்கீலம்மா எழுதுவதை நிறுத்திவிட்டுப் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார்.

பையன் அங்கேதான் உட்கார்ந்திருந்தான்.