செல்லமாகச் சொன்ன வார்த்தை

"செல்லமாச் சொன்னாராம்டா! கேட்டியா அநியாயத்தை?"

விசாரணை அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கொதித்துக்கொண்டிருந்தார் எண்ணெய் அண்ணன். கால்பந்து அணியில் ஆட்டக்காரர்களுக்குக் கால் பிடித்துவிடுகிற மசாஜ்காரர். கிளப்பில் பெரியவர் சின்னவர் எல்லாருக்கும் அவர் எண்ணெய் அண்ணன்தான்.

பக்கத்தில் அணியின் ஸ்ட்ரைக்கர், செல்போனை உருட்டிக்கொண்டிருந்தான். போன மேட்சில் எதிரணியின் வெளிநாட்டு ஆட்டக்காரர் அவனை ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அவர் பாஷையில் 'கறுப்பா' என்று அர்த்தம். கால்பந்து ஆடுகிற எல்லாருக்கும் தெரிந்த வார்த்தை. உடனே புகார் கொடுக்கவைத்தது எண்ணெய் அண்ணன். சாட்சியும் அவரேதான்.

"அண்ணே, உள்ள போய் மெதுவாப் பேசுங்க."

"மெதுவாவா? நீ பேசாம இரு. பேச வேண்டியதை நான் பேசிக்கிறேன்."

பேசக் கிடைத்தால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம். சாட்சி சொல்வதற்காகச் சட்டைக்கு இஸ்திரி போட்டு, கைக்கு சோப்பு மேல் சோப்பு போட்டு வந்திருந்தார். தைல வாசனைதான் போவேனா என்றது.

உள்ளே கால்பந்து சங்கத்து மேடம் ஒருவர் விசாரித்தார். வெளிநாட்டுக்காரர் பேசப் பேச, பக்கத்தில் இருந்தவர் மொழிபெயர்த்துச் சொன்னார்.

"எங்க ஊர்ல இது திட்டே இல்லைங்க. என் கூடப்பிறந்த தம்பியையே இப்படித்தான் கூப்பிடுவோம். கீழ விழுந்து கிடந்தார். எந்திரின்னு கை குடுக்கும்போது வாயில வந்துடுச்சு."

எண்ணெய் அண்ணன் எழுந்தே விட்டார்.

"அவர் தம்பி அவருக்குத் தம்பி. இவன் அவருக்கு யாரு மேடம்? சொல்றவன் செல்லமாச் சொன்னேன்னா ஆச்சா? கேக்கிறவனுக்கு எப்படி இருக்கும்னு பாக்க வேணாமா? எந்த வாய் சொன்னாலும் சரி, அந்த வாயைக் கிரவுண்டு பக்கமே விடக்கூடாது!"

சொல்லிவிட்டு அவரே ஒரு நிமிஷம் அசந்துபோனார். வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவன், இப்படிக் கண்டவன் காலைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறேனே!

"சரியாச் சொன்னீங்க. எந்த வாயானாலும்தான்" என்ற மேடம், உதவியாளரிடம் திரும்பினார். "கோட்டோரம் வச்ச மைக்ல பதிவானதைப் போடுங்க."

திரையில் ஸ்ட்ரைக்கர் விழுந்து கிடந்தான். வெளிநாட்டுக்காரர் குனிந்து கை நீட்டினார். உதடு அசைந்தது. கூட்டத்துச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்து கேட்டது பாருங்கள், கணீரென்று ஒரு குரல்.

"ஏ கரிச்சட்டி! அந்தாளு உன்னைக் கறுப்பாங்கிறான்டா! கேட்டுட்டு சும்மாவா படுத்துக் கிடக்கே?"

'யாருடா இந்த அறிவுகெட்டவன்?' என்று கேட்க எண்ணெய் அண்ணன் வாயைத் திறந்தார். நல்லவேளை, அதற்குள் ஆள் யாரென்று தெரிந்துவிட்டது.

மொழிபெயர்க்கிறவர் வெளிநாட்டுக்காரர் காதில் குசுகுசுவென்று சொன்னார். மேலே போன அவருடைய புருவம் கீழே இறங்கவே இல்லை.

"இது யாரு? அவர் சொன்னதுக்கு இது மேல இருக்கே!" என்றார் மேடம். "ஆளைப் படத்துல காணோம். ஆனா கேட்ட குரல் மாதிரி இருக்கு. யாருன்னு தெரிஞ்சா அவருக்கும் அதே தடைதான். கிரவுண்டுக்குள்ள கால் வைக்க முடியாது."

எண்ணெய் அண்ணன் 'செல்லமாத்தான் மேடம்' என்று சொல்லலாம்தான். அந்தச் சாக்கை இப்போதுதானே கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார்? வாயைத் திறந்தால் குரல் வேறு காட்டிக்கொடுத்துவிடும். கிரவுண்டை விட்டால் வேறு பிழைப்பும் தெரியாது. ஊரில் உள்ளவன் காலையெல்லாம் பிடிக்கிற கையால் தன் வாயைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மேடம் ஸ்ட்ரைக்கரைப் பார்த்தார். "தம்பி, உங்களைத்தானே சொல்றாங்க. யாரு அது?"

அவன் எண்ணெய் அண்ணன் பக்கம் திரும்பவே இல்லை.

"தெரியல மேடம். கை குடுத்தவர் பக்கத்துல இருந்தார், அவர் சொன்னது கேட்டுச்சு. இது என் காதுல விழல."

"இவ்வளவு சத்தமா இருக்கு, விழலையா?"

"விழல மேடம்."

"புகார்னு ஒண்ணு இருக்கிறவரைக்கும் இந்தக் குரலையும் நாங்க தேடித்தான் ஆகணும்."

அவன் செல்போனைச் சட்டைப்பையில் போட்டான்.

"அப்ப புகாரை வாபஸ் வாங்கிக்கிறேன் மேடம். அவர் கை குடுத்துத்தானே தூக்கினார்."

வெளிநாட்டுக்காரர் எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். எண்ணெய் அண்ணனுக்கும் சேர்த்து ஒரு குலுக்கு. அந்தக் குலுக்கில் ஏதோ ஒரு அழுத்தம் கூடுதலாக இருந்த மாதிரி இருந்தது.

மாடிப்படி இறங்கியதும்தான் எண்ணெய் அண்ணனுக்குக் குரல் வந்தது.

"அப்பாடா! நானும் என் வாயும்! வக்கீல் மாதிரி பேசப் போயி நானே குற்றவாளிக் கூண்டுல ஏறி நின்னேன் பாரு." கர்ச்சீப்பை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். "நல்லவேளைடா, அந்த இரைச்சல்ல உன் காதுல விழாமப் போச்சு."

"விழுந்துச்சுண்ணே."

"என்னது?"

"தினம்தான் விழுது."

கர்ச்சீப் கழுத்திலேயே நின்றது.

"அப்புறம் ஏன்டா இத்தனை வருஷமா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"நேரா சொல்ல மனசு வரலண்ணே. இப்படியாவது உங்களுக்கு உறைக்கும்னுதான் இந்தப் புகாருக்கே சம்மதிச்சேன்."