எட்டாம் வகுப்புத் தண்ணீர்

எங்கள் ஊர்க் குழாயில் தண்ணீர் வருவதும் வராததும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கையில் இருக்கிறது. குடிநீராக்கக் கடல்நீரை உறிஞ்சும் பெரிய குழாயின் வாயைக் கொழகொழவென்ற சொறிமீன் கூட்டம் அடைத்தால், அடியில் போய் அள்ளுவது அவர்கள் செய்த ரோபோதான். செய்முறைத் தேர்வே அதுதான்.

இந்த வாரம் என் மகள் ஜெனிட்டாவின் முறை. மூன்று நாளாகச் சொட்டுத் தண்ணீர் இல்லை. தெருவே படகுத்துறையில் நின்றது. ரோபோவோ முங்காமல் மிதந்தது.

"ஏட்டி, உம்மவ ரோபோ செஞ்சாளா, தக்கை செஞ்சாளா?" எதிர்வீட்டு பிலோமினா அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

ஜெனிட்டாவுக்கு அழுகை முட்டியது. "வீட்டு டிரம்முல நல்லாத்தான் முங்குச்சும்மா... ஐயோ, அது நல்ல தண்ணி! உப்புத் தண்ணி தூக்கும்லா? இன்னும் கொஞ்சம் கனம் வேணும்."

சுற்றிலும் பார்த்தவள் அக்காவின் இடுப்பைக் காட்டினாள். "பெரியம்மா, அந்தச் சாவிக்கொத்தக் குடுங்க."

அக்கா முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தாள். கட்டியதும் ரோபோ முங்கியது. ஒரு மணி நேரம் கழித்து அது மேலே வந்தபோது சாவிக்கொத்து இல்லை. அக்கா வாயைத் திறப்பதற்குள் தெருவிலிருந்து, "தண்ணி வந்துட்டு!" என்று சத்தம். எல்லோரும் ஓடினோம்.

குடங்களை நிரப்பிவிட்டு எட்டிப் பார்த்தேன். பூட்டிய வீட்டு வாசலில் அக்கா நின்றாள். தண்ணீர் வந்தால் சத்தம் கேட்கட்டும் என்று அவள் திறந்துவைத்த குழாய் உள்ளே கொட்டிக்கொண்டிருந்தது. வையப்போகிறாள் என்று தயங்கி நின்றேன்.

அவள் கதவில் காதை வைத்தாள்.

"எப்படிக் கொட்டுது, கேளு பிள்ள!"