பசி சொல்லும் மணி

வந்தவர் பசியோடு இருக்கிறாரா என்று விரல் பட்டதுமே சொல்லிவிடும் காலிங்பெல்லை மதிவதனிதான் வடிவமைத்தாள். "சாப்டாச்சு" என்று கூச்சத்தில் பொய் சொல்கிறவர்களுக்கும் இலை போடலாமே என்று நினைத்தாள். வாசலில் அது சத்தமாகச் சொன்னபோது ஒருவரும் வாங்கவில்லை. அடுப்படியில் மட்டும், பசி என்றால் சிவப்பு, இல்லையென்றால் பச்சை விளக்கு எரியும்படி மாற்றியதும் வீட்டுக்கு வீடு வாங்கினார்கள். சிவப்பு எரிந்தால் கதவைத் திறக்காமல் இருந்துவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து சித்தப்பா வந்தார். பச்சை எரிந்தது.

"சாப்பிட வாங்க சித்தப்பா. உங்களுக்குத்தான் அயிரைமீன் கொழம்பு."

"அடடா, தெரியாமப் போச்சேம்மா! உன் பெல்லாச்சேன்னு பஸ் ஸ்டாண்டுலயே ரெண்டு பரோட்டா தின்னுட்டுத்தான் கை வச்சேன்."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மதிவதனி அவர் முகத்தைப் பார்க்காமல் போய் அடுப்பை அணைத்தாள்.